இடது காறை எலும்பு

பயந்த சுபாவத்துக்குச் சம்பளம் தரும் வேலைகள் உலகத்தில் அதிகம் இல்லை. இருந்த ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது.

பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு செய்து அனுப்பும் பட்டறை அது. ஒரு முனையில் சூடான பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றுவார்கள். அது ஆறி எலும்பாகி வெளியே வரும். அடுத்த மேஜையில் அதன் ஓரத்துப் பிசிறுகளைக் கத்தியால் சீவுவார்கள். அதற்குப் பிறகு தட்டுத் தட்டாக அவள் மேஜைக்கு வரும். அவள் எடுத்துத் தடவிப் பார்த்துத் தலையாட்டினால், துளை போட்டுக் கம்பியில் கோத்து, மண்டையில் கொக்கி மாட்டி, ஆளாக்கித் தொங்கவிடுவார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால், மேஜைக்கு அடியில் இருக்கும் நீலக் கூடைக்குள் போய், உருக்கப்பட்டு, மறுபிறவி எடுக்க வேண்டியதுதான்.

வீட்டில் இதே குணம் பெரிய தொல்லை. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். அப்படி இழுத்து இழுத்தே ஒருநாள் பூட்டு கழன்று கையோடு வந்துவிட்டது. "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள் கணவரிடம். வீட்டில் அவளைக் கேலிக்கு ஆளாக்கிய இதே கைதான், பட்டறையில் மேஜை, நாற்காலி, மேலே தனியாக ஒரு விளக்கு என்று மரியாதையாக உட்கார வைத்திருந்தது. ஆனாலும் 'படபடக்கா' என்ற பெயர் வீட்டிலிருந்து பட்டறைக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. கைவிரல்களைக் கோக்கிறவள் கைக்காரி. பாதம் கோக்கிறவர் கால்காரர். பல் பதிக்கிற மனிதரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அச்சுக்காரர் என்று ஒருவர் இருந்தார். எல்லா எலும்புகளுக்கும் மெழுகில் உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்தவர் அவர்தான். படபடக்காவின் கணவரும் அவர்தான். அவருக்குப் பதற்றம் என்ற ஒன்று இருப்பதே மனைவியைப் பார்த்துத்தான் தெரியும். கூரை ஒழுகினால் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். அதற்கு மேல் வானத்தோடு அவருக்கு எந்த வழக்கும் கிடையாது. இவள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டாள். அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தூங்கினார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டறையை ஆரம்பித்த பெரியவர் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். சுவரில் ஓர் எலும்புக்கூட்டுப் படம் ஒட்டியிருந்தது. பழசு. ஈரம் ஏறி, விலா எலும்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்ட படம். அதைக் காட்டி அவர் சொன்னார்: "இதை நம்பாதம்மா. படம் வெளுத்துப்போகும். உன் உடம்புல எல்லாமே இருக்கு. சந்தேகம் வந்தா உன்னையே தொட்டுப் பாத்துக்க."

சந்தேகம் வந்தால் என்று அவர் சொன்னது வேறு யாரிடமாவது சொல்ல வேண்டிய வார்த்தை. அவளுக்குச் சந்தேகம் வராத எலும்பு எது? முழங்கால் சில்லு வந்தால் ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் முழங்காலைத் தடவினாள். தாடை வந்தால் வாயைத் திறந்து மூடினாள். மணிக்கட்டின் பொடிப் பொடி எலும்புகள் வந்தால், மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, உள்ளே அவை நகர்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். கையெட்டாத முதுகெலும்புக்கு நாற்காலியின் சாய்மானத்தில் அழுத்தி உட்கார்ந்து சமாளித்தாள். மண்டையோட்டின் உட்புறம் மட்டும் அவளுக்குக் கடைசி வரை நிம்மதி தரவில்லை.

காறை எலும்பு இந்த முறைக்கென்றே படைக்கப்பட்டது போல இருந்தது. கழுத்துக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே, மார்பிலிருந்து தோள் முனை வரை குறுக்கே போகும் எலும்பு. நேராகவும் போகாமல், ஒருமுறை முன்னால் வளைந்து, ஒருமுறை பின்னால் வளைந்து போகும். மார்புப் பக்கத்து முனை உருண்டு தடித்திருக்கும். தோள் பக்கத்து முனை தட்டையாக இருக்கும். தொட்டுப் பார்க்கச் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் போனால் போதும். வலது காறை முழுக்க வழவழப்பு. இடது காறையின் நடுவில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு, பட்டாணி அளவுக்கு. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, பட்டறை எலும்புக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் வாழ்க்கையில் நிம்மதியாகத் தலையாட்டிய எலும்பு அது ஒன்றுதான்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒருமுறை, இடது காறையின் அச்சு ஓரம் தேய்ந்துவிட்டதென்று பெரியவர் வெளியிலிருந்து புதிய அச்சு ஒன்று வாங்கி வந்தார். அதிலிருந்து வந்த எலும்பில் முடிச்சு இல்லை. அவள் தோளைத் தொட்டாள். எலும்பைத் தொட்டாள். மறுபடி தோளைத் தொட்டாள். அன்று வந்த அத்தனை இடது காறையும் நீலக் கூடைக்குப் போயின. மறுநாளும் அப்படியே. அச்சுக்காரர் கூடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், புதிய அச்சைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, பழைய அச்சின் ஓரத்தைச் சரிசெய்து மாட்டினார். 'இந்த மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் தலையில் ஏறாது என்று நினைத்தோமே, ஏறியிருக்கிறதே' என்று அவளுக்கு அன்று ஒரே பெருமை.

பெரியவர் காலமாகி, மகன் பொறுப்புக்கு வந்தார். அவர் சின்ன முதலாளி. அப்பா இருந்தவரை பட்டறைக்கு வந்த ஒரே விசாரணை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. இடது காறையில் இருக்கும் முடிச்சுக்கு என்ன பெயர் என்று போனில் கேட்டார். பெரியவர் அசராமல், "அது அந்த எலும்போட நடுப்பகுதிங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது போன் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. அதற்கு அந்தப் பதில் போதவில்லை.

பட்டறையின் சரித்திரத்திலேயே பெரிய ஆர்டர் அந்தக் கல்லூரி கொடுத்தது. முதல் வண்டி போய் இறங்கியதுமே உடற்கூறு சொல்லித்தரும் டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். அனுப்பிய அத்தனை எலும்புக்கூட்டுக்கும் இடது காறையில் ஒரு முடிச்சு இருக்கிறது, அது எப்படி என்று கேட்டார். வியாழக்கிழமை நேரிலேயே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். இந்தச் சேதியைப் படபடக்காவின் மேஜைக்குக் கொண்டுவந்தவள் கைக்காரி. அவளுக்கு விரல்களை மட்டுமல்ல, சேதிகளையும் கோர்வையாகக் கோக்கத் தெரியும்.

"சின்ன முதலாளி ஆடிப்போயிட்டாருக்கா. ஆர்டர் போச்சுன்னா பட்டறையே போச்சாம். அச்சு தப்பா, பார்த்தது தப்பா, ரெண்டுல ஒண்ணு வியாழக்கிழமை தெரிஞ்சாகணுமாம். தப்பு யாரு பேர்ல இருக்கோ, அவங்க வீட்டுக்குப் போயிடலாமாம்."

அச்சு என்றால் கணவர். பார்த்தது என்றால் அவள். வீட்டுக்குப் போவது என்னவோ இரண்டுமே ஒரே வீட்டுக்குத்தான் என்றாலும், அதில் அவளுக்கு ஆறுதல் எதுவும் தெரியவில்லை. பரணில் துணி சுற்றிக் கிடக்கும் அந்த அச்சு அவள் மனதில் தானாகவே அவிழ்ந்துகொண்டது.

முதலில் வந்தது கோபம்தான். டாக்டரம்மாவுக்கு எலும்பு தெரியவில்லை என்று நினைத்தாள். படித்தவர் தப்பாகச் சொன்னால் படிக்காதவள் எப்படி மறுப்பது? தோளைத் திறந்து காட்டவா முடியும்? பிறகு மெதுவாக மற்றொரு எண்ணம் எட்டிப் பார்த்தது. ஒருவேளை டாக்டரம்மா சொல்வது சரியாக இருந்தால்?

சரியாக இருந்தால், என் தோளில் இருப்பது என்ன?

அன்று மாலை சாப்பிட்டு முடித்த கணவரிடம் பேச்சைத் தொடங்கினாள்.

"என்னங்க, பரண்ல ஒரு அச்சு கிடக்குமே."

"நிறைய கிடக்கு."

"இடது காறை. துணி சுத்தி வச்சீங்களே."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, துண்டில் கையைத் துடைத்தார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அதுக்கென்ன இப்போ?"

"அதை யாரு கழிச்சதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"எனக்குப் பிடிக்கல, மேல போட்டேன்னு சொல்வேன்."

அதாவது பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். கணவர் இப்படிச் சொன்னால் மனைவிக்குப் பாரம் இறங்கவேண்டும் என்பதுதான் உலக வழக்கம். இவளுக்கு ஏறியது. இதுவரை இருந்தது தன் வேலை போய்விடுமோ என்ற பயம். இப்போது தன்னால் அவர் வேலை போய்விடுமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அவரோ படுத்த மாத்திரத்தில் குறட்டைக்குப் போய்விட்டார். நியாயமாகப் பார்த்தால், குறட்டை விடுகிறவரின் காறை எலும்பைத் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. தொட்டாள். இடது பக்கம். வழவழவென்று இருந்தது.

ஆண்களுக்கு இருக்காது போலிருக்கிறது என்று நினைத்து, அந்த ஆறுதலைக் காலை வரை பத்திரமாக வைத்திருந்தாள்.

மறுநாள் கைக்காரியின் தோளில் நூல் ஒட்டியிருப்பதாகச் சொல்லித் தட்டிவிட்டாள். நூல் எதுவும் இல்லை. முடிச்சும் இல்லை. பிசிறு சீவுகிறவளின் சட்டைக் கழுத்து மடங்கியிருக்கிறது என்று நீவிவிட்டாள். அங்கேயும் இல்லை. பேருந்தில் திரும்பும்போது எதிர் வரிசையில் இருந்தவர்களின் கழுத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காறை எலும்பு இரண்டும், பாடப் புத்தகத்தில் போட வேண்டியது போல எடுப்பாகத் தெரிந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி. எந்தப் பக்கமும் ஒரு மேடு இல்லை. அந்தப் பெண் சங்கடப்பட்டுத் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். படபடக்கா வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கழுத்து இருந்தது.

புதன்கிழமை மதியத்துக்குள் அவளுக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. ஊரே வழவழப்பு. முடிச்சு இருப்பது அவளுக்கும் பட்டறை எலும்புக்கூடுகளுக்கும் மட்டும்தான்.

இதிலிருந்து வேறு ஒருவர் வேறு முடிவுக்கு வந்திருக்கலாம். அவள் தன் சுபாவத்துக்குத் தகுந்த முடிவுக்கு வந்தாள். இது ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடமாகச் சூடு ஆறாத பிளாஸ்டிக்கைத் தொட்டுத் தொட்டு, அதன் புகையைச் சுவாசித்து, எலும்புக்கூட்டின் முடிச்சு தன் தோளுக்கு ஏறிவிட்டது. இடதில் வந்தது வலதுக்கும் வரும். பிறகு விலா. பிறகு ஒவ்வொன்றாக. தட்டில் கிடந்த எலும்புகளைப் பார்க்கும்போது, தன் உடம்பில் இனிமேல் கெடப்போகும் பாகங்களை வரிசைப்படி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று கைகளும் கால்களும் தட்டில் தேங்கிக் கிடந்ததில் கைக்காரிக்கும் கால்காரருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். கல்லூரியிலிருந்து யாரோ பெரிய ஆகிருதியாக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவர் சின்ன உருவம்; கைப்பை மட்டும் பெரிது. அதிலிருந்து பட்டறையின் இடது காறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். தவறு செய்த பிள்ளையைப் பெற்றவர் முன் நிறுத்துவது போல இருந்தது.

சின்ன முதலாளி ஒரு பக்கம், அச்சுக்காரர் ஒரு பக்கம். மற்றவர்கள் வேலை செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் விளக்கினார். இது ஒடிந்து கூடின எலும்பு. ஒடிந்த இடத்தில் உடம்பு புது எலும்பை வைத்துப் பூசி ஒட்டும். பூச்சு கொஞ்சம் கூடிவிட்டால் இப்படி மேடு தட்டும். அதோடு, இந்த எலும்பு வலதைவிடக் கொஞ்சம் குட்டை. முனைகள் லேசாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூடியிருக்கின்றன. தனியாக ஒரு எலும்புக்கூட்டில் இது இருந்தால் பரவாயில்லை. மனிதர்கள் ஒடிவார்கள், கூடுவார்கள். ஆனால் வகுப்பில் தொங்குகிற எல்லாமே இடது காறை ஒடிந்தவையாக இருந்தால், பிள்ளைகள் அதைத்தான் இயல்பு என்று படிப்பார்கள்.

"உங்க எலும்புல படிச்சவங்க நாளைக்கு டாக்டராகி, இடது தோள்ல மேடு இல்லாதவங்களைப் பார்த்து என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் படபடக்காவிடம் அனுபவப் பதில் இருந்தது.

சின்ன முதலாளி அச்சுக்காரரைப் பார்த்தார். அச்சுக்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். இதைத் தினமும் கையிலெடுத்துப் பார்ப்பது யார், எப்படிப் பார்ப்பார்கள் என்று டாக்டரம்மா விசாரித்தார். எல்லாக் கண்களும் விளக்குக்கு அடியில் இருந்த நாற்காலிக்குத் திரும்பின.

"ஒண்ணை எடுத்துப் பாருங்கம்மா. தினம் எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே," என்றார் டாக்டரம்மா.

தோளை மட்டும் தொட்டுவிடக் கூடாது என்று அவள் தனக்குத்தானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டாள். இடது காறையை இடக்கையில் எடுத்தாள். உருண்ட முனை, சரி. தட்டை முனை, சரி. முன் வளைவு, பின் வளைவு, சரி. நடுவில் விரல் முடிச்சுக்கு வந்தது. வலக்கை யாரையும் கேட்காமல், சட்டைக் கழுத்துக்குள் போய், இடது தோளைத் தொட்டுவிட்டு வந்தது. இத்தனை வருடம் அவளுக்காக உழைத்த கை. நேற்று வந்த பயத்துக்குக் கட்டுப்படவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"அங்க என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க."

"தொட்டீங்களே."

"பழக்கம்ங்க." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "டாக்டரம்மா, இது ஒட்டிக்குமா?"

என்ன ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எழுந்து வந்து, அனுமதி கேட்டுவிட்டு, அவள் தோளில் கை வைத்தார். விரல் நடுவில் வந்ததும் நின்றது. மேஜையிலிருந்த பிளாஸ்டிக் எலும்பை எடுத்து அவள் தோளுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். முடிச்சுக்கு நேரே முடிச்சு. வளைவுக்கு நேரே வளைவு. முனைக்கு நேரே முனை.

"இது எப்போ உடைஞ்சது?"

"உடையலைங்க. சின்ன வயசுல சுவத்துமேல ஏறினேன், அண்ணன் தள்ளிவிட்டான். சுளுக்குன்னு அம்மா துணியைக் கட்டிவிட்டாங்க. கொஞ்ச நாள்ல சரியாப்போச்சு."

"சரியாப் போகலம்மா. கூடிப்போச்சு."

தனக்கு ஒடிந்திருக்கிறது என்று, ஒடிந்து இத்தனை காலம் கழித்து, ஆறின பிறகு, அவள் முதன்முறையாகக் கேள்விப்பட்டாள். வாழ்நாள் முழுக்க நடக்காத விபத்துகளுக்காகப் பயந்துகொண்டிருந்தவள், நடந்த ஒன்றை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தாள். ஒட்டிக்கொண்ட நோய் இல்லை என்பதும், இனி விலாவுக்கு ஏறாது என்பதும் மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏறியதும் கண்ணில் நீர் வந்தது. அதை மற்றவர்கள் வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அது சரிங்க," என்றார் சின்ன முதலாளி. அவருக்குத் தலை சுற்றியது. "அக்கா தோள்ல இருக்கிற எலும்பு நம்ம அச்சுக்கு எப்படி வந்துச்சு?"

இப்போது எல்லாக் கண்களும் அச்சுக்காரரிடம் போயின. அவர் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். அது முடியும் வரை பட்டறை காத்திருந்தது.

"உங்கப்பா முதல்ல வாங்கின எலும்புப் பெட்டியில எல்லாம் இருந்துச்சு. இடது காறை மட்டும் இல்ல. சீக்கிரம் வேணும்னார். வலதைப் பார்த்து இடதைச் செய்யலாம்னு மெழுகை வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். கைக்கு வரல. ஒவ்வொரு தடவையும் வலதே வந்து நிக்குது." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அப்போ கல்யாணம் ஆன புதுசு. வீட்ல ஒண்ணு இருந்துச்சு."

கைக்காரி முதலில் சிரித்தாள். பிறகு கால்காரர். டாக்டரம்மா கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். படபடக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் இந்த மனுஷன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகத் தோளில் கை வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கு அவள் வேறு காரணம் வைத்திருந்தாள். அந்தக் காரணத்தின் பேரில்தான் பிறகு வந்த பல வருடக் குறட்டையை மன்னித்திருந்தாள்.

"அளவெடுத்தீங்களா?" என்று கேட்டாள். அதைக் கேட்ட குரலில் டாக்டரம்மாவே நிமிர்ந்து பார்த்தார்.

"அளவும் எடுத்தேன்," என்றார் அவர்.

அந்த 'உம்'மோடு அவள் அந்த விஷயத்தை விட்டுவிட்டாள்.

ஆனால் சின்ன முதலாளி விடவில்லை. சிரித்து முடித்தால் ஆர்டர் வந்துவிடுமா? சரியான அச்சு ஒன்று புதிதாகச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்க, அச்சுக்காரர் ஏணியை எடுத்துப்போட்டுப் பரணில் ஏறி, துணிப் பொட்டலத்தோடு இறங்கினார். டாக்டரம்மா அச்சைப் பிரித்து, பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, இது சரி என்றார். சின்ன முதலாளியின் முகம் மலர்ந்து, உடனே கறுத்தது. சரியான அச்சைக் கையில் வைத்துக்கொண்டே இத்தனை காலம் தப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்களா? இதைப் பரணில் போட்டது யார்?

"எனக்குப் பிடிக்கல, போட்டேன்," என்றார் அச்சுக்காரர், சொல்லி வைத்தபடியே.

"இல்ல தம்பி," என்றாள் படபடக்கா. நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "நான்தான் கழிச்சேன். அத்தனையும் கூடையில போட்டேன். அவர் என்ன செய்வார்?"

தப்பு இரண்டு பேர் கையை நீட்டி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மலிந்துவிட்டதில், யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று சின்ன முதலாளிக்கு விளங்கவில்லை. உதவிக்கு டாக்டரம்மாவைப் பார்த்தார்.

அவர் அவசரப்படாமல் சொன்னார். அச்சுக்காரர் உள்ளதை உள்ளபடி செய்திருக்கிறார். கண்ணால் பார்க்காத எலும்பை, தோலுக்கு மேலே தடவியே இவ்வளவு சரியாக எடுப்பது லேசில்லை. இந்த அம்மாவும் உள்ளதை உள்ளபடிதான் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்துச் செய்ததும் சரிபார்த்ததும்தான் கோளாறு. ஒரு ஆளை வைத்து மனித குலத்தை முடிவு பண்ணக் கூடாது.

"அப்போ தப்பு யாரு பேர்ல?" என்றார் சின்ன முதலாளி விடாமல்.

"அந்த அண்ணன் பேர்ல," என்றார் டாக்டரம்மா. "அவரை வேணும்னா வேலையை விட்டு எடுத்துடுங்க."

அவர் போகும்போது ஏற்பாடு முடிவாகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் எல்லா இடது காறையையும் கழற்றி மாற்றிக் கொடுத்தால் ஆர்டர் தங்கும். ஆர்டர் தங்கினால் இரண்டு பேரின் வேலையும் தங்கும். ஆனால் சின்ன முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: இனி அந்த மேஜையில் அக்கா தனியாகப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும், எந்த எலும்பையும் அக்கா உடம்போடு மட்டும் ஒப்பிட்டுச் சரி சொல்லக் கூடாது. பட்டறையில் தொங்கியவற்றிலிருந்து அன்றே கழற்றிய எலும்புகளில் நான்கைந்தை மட்டும் டாக்டரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார், ஒடிந்து கூடினது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட. மற்றதெல்லாம் நீலக் கூடைக்குப் போயிற்று. தன் எலும்பைத் தானே கழிக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அவள் ஒவ்வொன்றாகத்தான் போட்டாள்.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். சுவர் ஏறினதே ஞாபகமில்லை என்றார் அண்ணன். அப்படியே ஏறியிருந்தாலும் அவளாகத்தான் விழுந்திருப்பாள் என்றார். தன் இடது தோளைப் பற்றி இத்தனை ஊர்ப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும், தள்ளியது தான்தான் என்று கொஞ்சம் பெருமையாக ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பரணிலிருந்து இறங்கிய அச்சில் ஊற்றிய முதல் தட்டு வந்தது. விளக்குக்கு அடியில் இப்போது இரண்டு நாற்காலி. இரண்டாவதில் கைக்காரி, பதவி உயர்வு பெற்ற தோரணையில் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். படபடக்கா ஓர் இடது காறையை எடுத்தாள். உருண்ட முனை, தட்டை முனை, முன் வளைவு, பின் வளைவு. நடுவில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. உடனே வலக்கை சட்டைக் கழுத்து வரை போய், தயங்கி, இறங்கியது. நீலக் கூடைப் பக்கம் போன இடக்கையையும் அவளே பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"உன் தோளைக் கொஞ்சம் காட்டு," என்றாள்.

கைக்காரி சட்டைக் கழுத்தை விலக்கினாள். படபடக்கா எலும்பை வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. தலையாட்டப் போனாள். பாதி ஆட்டத்தில் தலை நின்றது.

"ஏன்டி, நீ சின்ன வயசுல எங்கயாவது விழுந்திருக்கியா?"

"இல்லக்கா."

"மரம், சுவர், மாடிப்படி?"

"இல்லவே இல்லக்கா."

"உனக்கு அண்ணன் இருக்கானா?"

"இருக்கான்."

படபடக்கா எலும்பைக் கீழே வைத்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றாள்.